கப்பல் பட்டியலில் நம் ஆயாவைத் தேடுவது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் வீடுகளில் பெரியவர் யாராவது இறந்த பிறகு அலமாரியைக் காலி செய்தால், பிஸ்கட் டப்பாவுக்குள் மடித்து மடித்தே கிழிந்துபோன காகிதம் ஒன்று கிடைக்கும். அதில் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். தயவுசெய்து அதைக் குப்பையில் போடாதீர்கள். தேடலைத் தொடங்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் மதராஸிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. அதில் தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு (டர்பன் இருக்கும் அன்றைய பிரிட்டிஷ் காலனிக்கு) ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொரு கப்பலிலும் வந்தவர்களை எழுதிவைத்த கப்பல் பட்டியலில் எல்லாருக்கும் ஒரு காலனி எண். கரும்புத் தோட்டத்தில் சம்பளக் கணக்கு, வெளியே போகும் பாஸ், கல்யாணப் பதிவு, எல்லாவற்றிலும் அந்த எண்தான் அவர்களைத் துரத்தியது. ஆளை அடையாளம் இல்லாமல் ஆக்கிய அதே எண்தான் இன்று நம்மை ஆளிடம் கொண்டு சேர்க்கிறது. அதனால் அதன்மேல் கோபப்பட்டாலும், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, காகிதமே இல்லை என்றால்? பெரும்பாலான வீடுகளில் இருக்காது. டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து நிறவெறி அரசு நம்மைக் குடும்பம் குடும்பமாக விரட்டி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு லாரியில் ஏற்றிய அந்த 1960களில் எத்தனை பெட்டிகள் தொலைந்தனவோ. அப்படியானால் ஆவணக் காப்பகத்துக்குப் போகும் முன் வீட்டில் இருக்கும் வயதானவர்களிடம் போங்கள். "நம்ம ஊர் எது?" என்று நேராகக் கேட்டால் "மெட்ராஸ்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார்கள், ஏனென்றால் அவர்களுக்குச் சொல்லப்பட்டதே அவ்வளவுதான். அதை விட்டுவிட்டு, கூட உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே வேறு மாதிரி கேளுங்கள். தாத்தா எந்தச் சர்க்கரை மில்லில் வேலை செய்தார், மவுண்ட் எட்ஜ்கோமா, டொங்காட்டா, உம்சிண்டோவா? ஆடி மாதம் எந்த மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றினீர்கள்? அப்புறம், மறக்காமல் இதையும் கேளுங்கள்: சொந்தமே இல்லாமல் "மாமா" என்று கூப்பிட்டது யாரை? அந்தக் கேள்வியின் அருமை பின்னால் தெரியும்.

அடுத்தது இறப்பு அறிவிப்பு. யாராவது சிறிதளவு சொத்து வைத்துவிட்டு இறந்திருந்தால்கூட அதற்கு ஒரு கோப்பு இருந்திருக்கலாம். பழைய நேட்டாலின் அந்தக் கோப்புகள் பீட்டர்மரிட்ஸ்பர்க் காப்பகத்தில் இருக்கின்றன. இறந்தவரின் பெற்றோர் பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் அந்த ஒரு தாளில் வந்துவிடும். கப்பலில் வந்தவரின் பெயர் கிடைத்ததும் கப்பல் பட்டியலுக்குப் போகலாம். டர்பன் காப்பகத்திலும், வெஸ்ட்வில் வளாகத்தில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்திலும் பார்க்கலாம்.

இங்கேதான் பலர் சோர்ந்துபோகிறார்கள், பெயர் கிடைக்கவில்லை என்று. தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தாவின் காதை நீங்கள் யோசிக்க வேண்டும். முனுசாமி 'மூன்சாமி' ஆனார், கவுண்டர் 'கவெண்டர்' ஆனார், முதலியார் 'மூட்லி' ஆனார். இன்னொன்று, நம்மில் நிறையப் பேருக்குக் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டிருப்பது கப்பலில் வந்த தாத்தாவின் சொந்தப் பெயர், அல்லது அவருடைய அப்பா பெயர். பெருமாள், ராம்சாமி, சின்னசாமி என்று முடிகிற குடும்பங்கள் அந்தப் பெயரைப் பட்டியலில் ஆள் பெயராகவே தேட வேண்டும். பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, அது எப்படியெல்லாம் எழுதப்பட்டிருக்கலாம் என்று ஒரு நோட்டில் பத்து விதமாக எழுதிக்கொண்டு போனால் வேலை சுலபம்.

பட்டியலில் அவருடைய வரி கிடைத்துவிட்டதா? மெதுவாகப் படியுங்கள். பெயர், அப்பா பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உயரம், உடலில் உள்ள அடையாளம். எங்கள் ஆயாவின் ஆயாவுக்கு எழுதியிருந்தது: நாலடி பத்தங்குலம், இடது கணுக்காலில் தழும்பு. அதைப் படித்துவிட்டு என்னால் கொஞ்ச நேரம் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. எங்கள் வீட்டில் அவளுக்குப் படம் கிடையாது. சுடுசோறு கொட்டியதா, அரிவாள் பட்டதா, தெரியாது. ஆனால் அந்தக் கால் நடந்த கால், கப்பல் பலகையில் ஏறிய கால்.

வயதை அப்படியே நம்பாதீர்கள், பார்த்து மதிப்புப்போட்டு எழுதியதுதான் பெரும்பாலும். சாதி என்ற கட்டத்தில் இருப்பதை வைத்துப் பெருமைப்படவோ வருத்தப்படவோ வேண்டாம் என்பது என் கருத்து. ஊரிலிருந்து தப்பித்து வந்து, டிப்போவில் (கப்பல் ஏறும் முன் தங்கவைத்த முகாமில்) பெயரையே மாற்றிச் சொன்னவர்களும் இருந்திருப்பார்கள், அதற்கு அவர்களுக்குக் காரணமும் இருந்திருக்கும். ஊரைத் தேடும்போது மாவட்ட எல்லைகள் மாறியதை மனதில் வையுங்கள். வட ஆற்காடு என்று இருந்தால் அது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எதுவாகவும் இருக்கலாம், சித்தூர்ப் பக்கமாகவும் இருக்கலாம், ஏனென்றால் சித்தூர் தனி மாவட்டம் ஆனதே 1911இல்தான். தாலுகா பெயர் இல்லாமல் ஊர் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு விமான டிக்கெட் எடுக்காதீர்கள். ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு.

இந்த அளவோடு நிறுத்திவிடுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் பக்கத்து வீட்டு கோகோ (சுலு மொழியில் பாட்டி), சுலு அம்மா, எழுபது தாண்டியவர். நான் அச்சடித்து வந்த தாளைக் காட்டினேன். எண்ணை அவர் பார்க்கவே இல்லை. "அவளோடு யார் வந்தார்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர்கள் மொழியில் "உமுண்டு ங்குமுண்டு ங்காபாண்டு" என்பார்கள், மற்ற மனிதர்களால்தான் ஒருவர் மனிதர். அன்று மாலையே மறுபடி உட்கார்ந்து, ஆயாவின் எண்ணுக்கு மேலே பத்து, கீழே பத்து என்று படித்தேன். அதே தாலுகாவிலிருந்து மூன்று பேர். ஒரே தோட்டத்துக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். அதில் ஒரு பெயர், என் பெரியம்மா "கப்பல் மாமா" என்று சொல்லும் பெரியவரின் பெயர்! ரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது, ஆனாலும் அந்தக் குடும்பத்தோடு இரண்டு தலைமுறை பெண் கொடுக்காமல் இருந்தோம், அண்ணன் தங்கை முறை என்று. ஆகவே உங்கள் வரியோடு நிற்காதீர்கள், மேலும் கீழும் படியுங்கள்.

குறிப்புக் கட்டத்தில் மறு ஒப்பந்தம் என்று இருந்தால் "இவ்வளவு கொடுமைக்கு ஏன் திரும்பக் கையெழுத்துப் போட்டார்கள்" என்று அவசரப்பட்டு நினைக்க வேண்டாம். 1895 சட்டப்படி, ஐந்தாண்டு ஒப்பந்தம் முடித்து ஊருக்கும் போகாமல் மறு ஒப்பந்தமும் செய்யாமல் இருந்தால் வருடத்துக்கு 3 பவுண்டு வரி. முதல் வருடச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங் (20 ஷில்லிங் ஒரு பவுண்டு), அதாவது ஆறு மாதச் சம்பளம் வரிக்கே. 1903 சட்டத்தில் 16 வயது பையனையும் 13 வயதுப் பெண்ணையும் அதில் சேர்த்தார்கள். 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914இல்தான் அது ஒழிந்தது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. எண்ணை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துச் சரிபாருங்கள். மங்கிய மையில் 3ஐ 8 என்று படித்து, எட்டு மாதம் வேறு ஒரு பெண்ணின் பின்னால் போனேன். தனியாக வந்தவள், இரண்டாம் வருடத்திலேயே இறந்துவிட்டாள் என்று குறிப்பில் இருந்தது, அதற்குப் பிறகு எங்கும் அவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தவறு தெரிந்ததும் கோப்பை மூடிவிட்டேன், ஆனால் மனம் கேட்கவில்லை. தீபாவளிக்கு முன் செத்தவர்களுக்குப் படையல் போடும்போது எங்கள் வீட்டில் இப்போது ஒரு இலை கூடுதலாக விரிக்கிறோம். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாததால் அம்மா எல்லாவற்றிலும் கொஞ்சம் வைக்கிறார்.