விசுவாசத்தோடு எழுதுகிறவர்கள் வழுக்கும் இடங்கள்

“உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்.” வீட்டுச் சுவரிலும் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையிலும் கடைத் திறப்பு அழைப்பிதழிலும் இந்த வசனத்தைப் பார்க்காத தமிழ்க் கிறிஸ்தவர் குறைவு. சபை இதழ்களுக்கு எழுதுகிறவர்களும் ‘கர்த்தர் நமக்குத் தரும் வாக்கு’ என்று முன்னுரை கொடுத்து இதைப் போட்டுவிடுகிறார்கள். வேதாகமத்தில் யோபு புத்தகம் 8:7ஐத் திறந்து பாருங்கள், பேசுவது பில்தாத். யோபின் பத்துப் பிள்ளைகளும் ஒரே நாளில் செத்துப்போன பிறகு ஆறுதல் சொல்ல வந்த நண்பர். மூன்று வசனம் மேலே போனால், பிள்ளைகள் பாவம் செய்ததால் வந்த கதி அது என்கிற மாதிரி, பெற்ற தகப்பனிடமே பேசிக்கொண்டிருக்கிறார். நீ சுத்தமாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் தொடரும் பேச்சில் வருவதுதான் நம் அட்டை வசனம். புத்தகத்தின் கடைசியில், 42:7இல், இந்த நண்பர்கள் தம்மைக்குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று கர்த்தர் கோபப்படுகிறார். யோபின் பின்னிலைமை ஆசீர்வாதமாக இருந்தது உண்மைதான். அதைச் சொல்ல 42:12 இருக்கிறது, தாராளமாக எடுத்து எழுதலாம். பில்தாத்தின் வாயிலிருந்து வந்ததைக் கர்த்தரின் வாயில் வைப்பதுதான் தவறு.

இந்த மாதிரித் தவறுகளில் பெரும்பாலானவை, கட்டுரைக்கு ஒரு வசனம் வேண்டும் என்று தேடி வேதத்தைத் திறப்பதிலிருந்து வருகின்றன. வசன எண்களே பிற்பாடு வந்தவை. அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டு வேலை. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் காணும் வசன எண்களை 1551இல் போட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர். பவுல் பிலிப்பியருக்கு எழுதியது ஒரு கடிதம். நான்கு அதிகாரத்தையும் ஒரே மூச்சில் வாசிக்க அரை மணி நேரம்கூட ஆகாது. அப்படி வாசித்தவர், எல்லாவற்றையும் செய்யக் கிறிஸ்துவினால் எனக்குப் பெலனுண்டு என்கிற 4:13ஐப் பரீட்சைக்குப் போகிற பையனுக்கான வெற்றி வசனமாக்க மாட்டார். முந்திய வசனத்தில் பட்டினியிருக்கவும் பழகிவிட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான், காவலில் இருக்கிற மனிதர் தம் பெலனைப் பற்றிப் பேசுகிறார்.

66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று நான்கு என்று போனால் ஒரு வருஷத்தில் முடியும். ஜனவரியில் ஆரம்பித்து லேவியராகமத்தில் நின்றுபோகிறவர்கள்தான் அதிகம். பரவாயில்லை, நின்ற இடத்திலிருந்து தொடருங்கள். அன்றாட வாசிப்பில் கையில் பேனா வேண்டாம் என்பது என் கட்சி. எழுதுவதற்காகவே வாசிக்கிறவரின் கட்டுரைகளில் அதே பத்து வசனங்கள்தான் சுற்றிச் சுற்றி வரும்.

அப்புறம் கழுகு. நாற்பது வயதில் மலையுச்சிக்குப் போய், தன் அலகைப் பாறையில் மோதி உடைத்து, இறகுகளைப் பிடுங்கிப்போட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து புதுப் பிறவி எடுக்கிறதாம். கழுகைப் போல உன் இளமை திரும்பும் என்கிற சங்கீதம் 103:5 வந்தாலே இந்தக் கதையும் கூடவே வந்துவிடுகிறது. அலகில்லாத கழுகு எதைத் தின்று உயிரோடு இருக்கும்? கழுகுக்கு இறகு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து முளைக்கும், அவ்வளவுதான். எருசலேமில் ‘ஊசியின் காது’ என்றொரு சின்ன வாசல் இருந்தது, ஒட்டகம் மண்டியிட்டு அதில் நுழையும் என்பதும் இதே ரகம். அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்று இயேசு சொல்லும் மாற்கு 10:25இல் நிறுத்தாமல் அடுத்த வசனத்தையும் வாசித்தால், சீஷர்கள் திகைத்துப்போய், அப்படியானால் யார்தான் இரட்சிக்கப்படக் கூடும் என்று பேசிக்கொள்கிறார்கள். மண்டியிட்டால் நுழைந்துவிடலாம் என்றால் அவர்கள் ஏன் திகைக்க வேண்டும்? வாட்ஸ்அப்பில் வந்த உவமை நெஞ்சைத் தொட்டது என்பதால் மட்டும் அது உண்மையாகிவிடாது. விசாரிக்காமல் எழுதி, படிக்கிற பிள்ளை ஒன்று கூகுளில் தேடிப் பார்த்துவிட்டால், நீங்கள் சொன்ன மற்றதையும் அது நம்பாது.

கிறிஸ்தவப் புத்தகங்களைத் தவிர வேறு எதையும் தொடாதது இன்னொரு குறை. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை எழுதிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வெளிவந்தது. கம்பனை ஊறப் படித்த வைணவக் குடும்பத்து ஆள் அவர். ஞானஸ்நானம் எடுத்தபோது அந்தப் படிப்பைத் தூக்கிப் போட்டிருந்தால், ஜான் பனியன் ஆங்கிலத்தில் எழுதிய ‘மோட்சப் பிரயாணம்’ கதை தமிழில் இப்படிக் காப்பியமாக எழுந்திருக்காது.

பத்திக்குப் பத்தி ‘பிரியமானவர்களே’ என்று கூப்பிடுவதை விட்டுவிடலாம். பிரசங்க பீடத்தில் அது நன்றாக இருக்கும், தாளில் சலிப்பூட்டும். ‘கர்த்தர் இதை எழுதச் சொன்னார்’ என்று ஆரம்பிப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. அதற்கு மேல் ஒரு எழுத்துப்பிழையைக்கூடத் திருத்த ஆசிரியருக்குக் கை வராது.

தன் வாழ்க்கையில் கர்த்தர் நடத்திய விதத்தைச் சொல்லும் சாட்சியை எழுதும்போது முடிவு எப்போதும் ஜெயமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. 88ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது. விடியல் ஒன்றைக் கடைசி வரியில் ஒட்டவைக்காமலே அதைச் சங்கீதப் புத்தகத்தில் விட்டுவைத்திருக்கிறார்கள். வேலை கிடைக்கவில்லை, குழந்தை பிறக்கவில்லை என்றால் அப்படியே எழுதுங்கள். அதே நிலையில் இருக்கிறவர் அதைத்தான் தேடிப் படிப்பார்.

ஆனால் உங்கள் சாட்சியில் மற்றவர்களும் இருப்பார்கள். குடியிலிருந்து மீண்ட கணவர், வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வந்த மகள். பெயரை மாற்றிவிட்டேன் என்பார்கள். எழுதியவர் பெயர் மேலே இருக்கும்போது, கணவர் பெயரை மாற்றி என்ன பிரயோஜனம்? அச்சுக்குப் போகும் முன் அவரிடமே வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள், கட்டுரையே நின்றுபோனாலும் சரி.