குட்டைக் குழல் ரைஃபிளில் சட்டக் குறியீடுகளைப் பொறிக்கத் தகுந்தவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி

அமெரிக்காவில் ஒருவர் தம் சொந்த ரைஃபிளுக்கு 16 அங்குலத்துக்குக் குறைவான பேரலை, அதாவது குழலை, பொருத்த விரும்பினால், சட்டத்தின் பார்வையில் அவர் புதிய துப்பாக்கி ஒன்றை உருவாக்குபவராகிறார். 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி, முதலில் ஏடிஎஃப் என்னும் மத்திய அமைப்பிடம் ஃபார்ம் 1 விண்ணப்பத்தை அளித்து ஒப்புதல் பெற வேண்டும். அதோடு, உருவாக்கியவர் என்ற முறையில் தம் பெயரையும் ஊரையும் மாநிலத்தையும் ரிசீவரில், அதாவது துப்பாக்கியின் இயங்கு பாகங்களைத் தாங்கும் உடற்பகுதியில், பொறித்தாக வேண்டும். இவ்வகை ரைஃபிளுக்கான 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாகிவிட்டதால் மற்ற கடமைகளும் நீங்கிவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். வரி மட்டுமே நீங்கியது. பதிவும் பொறிப்பும் அப்படியே இருக்கின்றன, மீறுபவருக்கு 10 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் பொதுமக்கள் இவ்வகை ரைஃபிளை வைத்திருக்கவே முடியாது என்பதால், அங்கே வசிப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை பயன்படாது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு, வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே தடை செய்யப்பட்டது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பொறிப்பவரைத் தேடும் முன், எதைப் பொறிக்க வேண்டும் என்பதை நாமே தெளிவாக அறிந்திருக்க வேண்டும். கடையில் வாங்கிய ரிசீவரில் தயாரிப்பாளரின் வரிசை எண் ஏற்கெனவே இருக்கும்; ஃபார்ம் 1-இல் அதையே குறிப்பிடுவதுதான் வழக்கம், புதிய எண் தேவையில்லை. அந்தப் பழைய எண்ணைத் தேய்ப்பதோ மாற்றுவதோ தனிக் குற்றம் என்பதால், பொறிப்பவரின் கருவி அதன் அருகில்கூடப் போகக் கூடாது. மாடலும் கேலிபரும் (குண்டின் அளவு) ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்து, ஒப்புதல் படிவத்தோடு ஒத்துப்போனால் அவற்றை மீண்டும் பொறிக்க வேண்டியதில்லை. எஞ்சுவது பெயர், ஊர், மாநிலம் ஆகிய மூன்றும்தான். 2002 ஜனவரி 30-க்குப் பிறகு உருவாக்கப்படும் துப்பாக்கிகளில் பொறிப்பின் ஆழம் குறைந்தது 0.003 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.08 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வரிசை எண்ணுக்கு எழுத்துயரம் குறைந்தது 1/16 அங்குலம், அதாவது ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர் என்றும் விதி இருப்பதால், பெயரையும் அதே உயரத்துக்குக் குறையாமல் பொறிக்கச் சொல்வது நல்லது.

தமிழர்களுக்கு இங்கே தனியாக ஒரு சிக்கல் உண்டு. நம் பெயர் பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்தோடும், பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் விரிந்தும், ஓட்டுநர் உரிமத்தில் முன்பின் மாறியும் இருக்கக் கூடும். ஃபார்ம் 1-இல் எந்த வடிவத்தில் பெயர் இருக்கிறதோ அதே வடிவம்தான் ரிசீவரிலும் வர வேண்டும் என்பதால், விண்ணப்பிக்கும்போதே இதை முடிவு செய்துவிடுங்கள். டிரஸ்ட்டின் பெயரில் விண்ணப்பித்திருந்தால், பொறிக்க வேண்டியது டிரஸ்ட்டின் பெயரே தவிர உங்கள் பெயர் அல்ல. 30 எழுத்துள்ள ஆங்கிலப் பெயர் அந்த உயரத்தில் ஒரே வரியில் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளம் பிடிக்கும். ரிசீவரில் அவ்வளவு தட்டையான இடம் எங்கே இருக்கிறது என்பதை அளந்து பார்த்துக்கொண்டு செல்லுங்கள்.

துப்பாக்கிகளில் பொறிப்பு வேலையைத் தொழிலாகச் செய்பவரை ஏடிஎஃப் துப்பாக்கித் தச்சராகவே, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்த்துச் சீரமைப்பவராகவே, கருதுகிறது. அவருக்கு எஃப்எஃப்எல் என்னும் மத்திய உரிமம் வேண்டும். ஆகவே நகைக்கடை, கோப்பைகளில் பெயர் வெட்டும் கடை போன்ற இடங்களில் தொடங்காமல், உங்கள் வட்டாரத்தில் உள்ள உரிமம் பெற்ற துப்பாக்கித் தச்சர்களிடமிருந்தும், துப்பாக்கி உற்பத்திக்கான 07 வகை உரிமம் வைத்திருக்கும் சிறு உற்பத்தியாளர்களிடமிருந்தும் தேடலைத் தொடங்குங்கள். உரிமதாரர்களின் பட்டியலை ஏடிஎஃப் தானே வெளியிடுகிறது, உரிம எண்ணைச் சரிபார்க்கும் இணைய வசதியையும் வைத்திருக்கிறது. சுடுதளத்தில் வேலை செய்பவர்களிடம் விசாரித்தால், அந்த ஊரில் இந்த வேலையை அடிக்கடி செய்பவர் யார் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

உரிமம் இருப்பதாலேயே வேலை சரியாக அமைந்துவிடாது. அமெரிக்காவில் பரவலாக உள்ள ஏஆர்-15 வகை ரைஃபிள்களின் ரிசீவர்கள் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனவை. அவற்றின் மேல் மின்வேதி முறையில் உருவாக்கப்பட்ட கடின அனோடைசிங் படலம் சுமார் 0.002 அங்குலத் தடிமன் கொண்டது. கார்பன் டை ஆக்சைடு லேசர் அந்தப் படலத்தின் நிறத்தை வெளுக்கச் செய்யுமே தவிர உலோகத்தை வெட்டாது. எழுத்து பளிச்சென்று வெண்மையாகத் தெரிவதால் ஆழமாக இருப்பதுபோல் கண்ணுக்குத் தோன்றும், ஆனால் படலம் முழுவதும் போனாலும் சட்டம் கேட்கும் ஆழம் வராது. ஃபைபர் லேசரால், ஒரே கோட்டின் மீது பலமுறை ஓட்டினால், அந்த ஆழத்தை எட்ட முடியும். சுழலும் வெட்டுமுனை கொண்ட, கணினியால் இயங்கும் சிஎன்சி இயந்திரம் அதை இன்னும் எளிதாக எட்டும். வைர முனையால் கீறும் முறை பெரும்பாலும் மேலோட்டமானது. சுத்தியலால் அச்சடிக்கும் முறையை மெல்லிய அலுமினியச் சுவரில் நான் ஏற்க மாட்டேன், ஏனென்றால் சுவர் நெளிந்துவிடும்.

இதை நான் அனுபவப்பட்டே கற்றுக்கொண்டேன். என் முதல் ரிசீவரை, அருகில் இருக்கிறது, விலையும் குறைவு என்ற காரணத்துக்காக, பரிசுக் கோப்பைகள் செய்யும் ஒரு கடைக்கு எடுத்துச் சென்று, உடனிருந்து பொறித்துக்கொண்டு வந்தேன். எழுத்துகள் மிக அழகாக இருந்தன; நண்பர் ஒருவரின் ஆழமானியை வைத்துப் பார்த்தபோது ஆழம் 0.001 அங்குலம்தான் இருந்தது. உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கித் தச்சர் பழைய எழுத்துகளின் மீதே மீண்டும் வெட்டினால் கோடுகள் பிசகும் என்று சொல்லி, மறுபக்கத்தில் புதிதாகப் பொறித்துத் தந்தார். இருமுறை செலவானதைவிட, என் ரிசீவரில் ஒரே பெயர் இரண்டு இடங்களில் இருப்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஆகவே ஒருவரைத் தெரிவு செய்யும் முன் அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஆழத்தை எப்படி அளக்கிறீர்கள் என்பதே. விதிப்படி ஆழம் உலோகத்தின் தட்டையான பரப்பிலிருந்து கணக்கிடப்படுகிறது. லேசர் எழுப்பிவிடும் விளிம்பு மேட்டிலிருந்து அளந்தால் இல்லாத ஆழம் இருப்பதாகக் காட்டும். இந்த வேறுபாட்டைத் தாமாகவே சொல்பவர் தொழில் தெரிந்தவர். அதே உலோகத் துண்டு ஒன்றில் மாதிரி பொறித்துக் காட்டச் சொல்லுங்கள், 0.005 அங்குல ஆழம் கேளுங்கள். பின்னால் செராகோட் போன்ற பூச்சு அடிக்க நினைத்திருந்தால், பூச்சு பள்ளத்தை ஓரளவு நிரப்பிவிடும் என்பதால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குறியீடு வெளிப்படையாகத் தெரிய வேண்டும் என்பதால், கைப்பிடியோ பின்கட்டையோ மறைக்கும் இடத்தைத் தவிர்த்து, மேகசின் (தோட்டாப் பெட்டி) செருகும் பகுதியின் பக்கவாட்டில் இடம் கேட்பதே என் பழக்கம்.

பொறிக்க வேண்டிய சொற்களை வாய்மொழியாகச் சொல்லாமல் தட்டச்சு செய்து கொடுங்கள், இயந்திரத்தை ஓட்டும் முன் வரைபடத்தைக் காட்டச் சொல்லி, எழுத்து எழுத்தாகப் படிவத்தோடு ஒப்பிட்ட பிறகே சம்மதம் தெரிவியுங்கள். முழு ரைஃபிளையும் எடுத்துச் செல்லாமல், பாகங்கள் எல்லாம் கழற்றப்பட்ட வெற்று ரிசீவரை மட்டும் கொடுங்கள். நீங்கள் காத்திருக்கும்போதே முடித்துத் தந்தால் உரிமதாரர் தம் பதிவேட்டில் எழுத வேண்டியதில்லை. ஓர் இரவு அவரிடம் தங்கினால் எழுதியாக வேண்டும், அதைக் கண்டு கலங்க வேண்டாம், கொடுத்தவருக்கே திருப்பித் தரும்போது புதிதாகப் பின்னணிச் சோதனை கிடையாது. வெளிமாநிலத்தில் உள்ள உரிமதாரருக்கு அனுப்புவதும் சட்டப்படி இயலும், ஆனால் கூரியர் நிறுவனங்களுக்கு அவற்றின் சொந்தக் கட்டுப்பாடுகள் உள்ளதால் முதலில் பொறிப்பவரையே கேளுங்கள். எப்படிச் செய்தாலும், ஒப்புதல் கையில் வந்து, பொறிப்பும் முடிந்த பிறகே குட்டைப் பேரலைப் பொருத்த வேண்டும்.

கடையை விட்டுக் கிளம்பும் முன், அங்கேயே, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து எழுத்துகளைப் படியுங்கள், அவர் முன்னிலையிலேயே ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். எழுத்துப் பிழை கண்டால் அரத்தால் தேய்க்க யாரையும் அனுமதிக்காமல், அந்த நிலையிலேயே படம் எடுத்துக்கொண்டு, ஏடிஎஃப்-இன் தேசியத் துப்பாக்கிச் சட்டப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், பொறிப்பின் தெளிவான படம் ஒன்றை ஒப்புதல் படிவத்தின் நகலோடு சேர்த்து வைத்து, ரைஃபிளைச் சுடுதளத்துக்குக் கொண்டு செல்லும் ஒவ்வொரு முறையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.