பழைய பிலிம் கேமரா: காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

மேனுவல் போகஸ் கேமராவில் முதல் கேள்வி, பேட்டரி இல்லாமல் ஷட்டர் ஓடுமா என்பதுதான். பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2 இரண்டும் ஓடும்; பேட்டரி வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும். கேனான் ஏஇ-1ல் 6 வோல்ட் பேட்டரி தீர்ந்தால் ஷட்டரே விழாது. அழகர் ஆற்றில் இறங்கும் விடியற்காலையில் பேட்டரியைத் தேடி அலைய முடியாது. முதல் கேமராவுக்கு கே1000 போதும். அதன் மீட்டருக்கு சுவிட்ச் கிடையாது. வெளிச்சம் பட்டால் பேட்டரி தீரும், லென்ஸ் மூடியைப் போட்டே வையுங்கள்.

பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, ஷட்டர் வேகத்தை 1 நொடியில் வைத்து அழுத்துங்கள். ஷட்டர் திரை பாதியில் சிக்கினாலோ இழுத்துக்கொண்டே நின்றாலோ உள்ளே எண்ணெய் இறுகியிருக்கிறது. அடுத்து 1/1000 நொடி வைத்து ஜன்னல் வெளிச்சத்தைப் பாருங்கள். சட்டத்தின் ஒரு ஓரம் இருண்டால் படத்திலும் இருளும், அதை வாங்காதீர்கள். வெளிச்சம் புகாமல் தடுக்கும் கதவோரப் பஞ்சு விரலில் கறுப்புப் பிசினாக ஒட்டினால் பயமில்லை, மாற்றிக்கொள்ளலாம்.

லென்ஸின் துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். சிலந்தி வலை போல இழை தெரிந்தால் பூஞ்சை. ஐப்பசி மழையில் தோல் உறையோடு பீரோவில் கிடந்த லென்ஸில் இது சகஜம்.

போகஸ் வளையத்தை முடிவிலியில் வைத்தால் தூரத்து யானைமலை கூர்மையாகத் தெரிய வேண்டும். மீட்டருக்கு உச்சிவெயிலே சோதனை: பிலிம் வேகம் 200 ஐஎஸ்ஓ, துவாரம் எஃப்/16, ஷட்டர் 1/250 நொடி. கே1000ல் மீட்டர் முள் நடுவை ஒட்டி நின்றால் சரி.