உங்க தெருவுல வண்டி வேகத்தை குறைக்க என்ன பண்ணலாம்

முதல்ல போர்டு வைக்கச்சொல்லி மனு எழுதுறதை விடுங்க, ரோடு அகலமா நேரா இருந்தா எந்த போர்டையும் யாரும் பாக்க மாட்டாங்க. மணிக்கு 30 கி.மீ.ல வர்ற காருக்கும் 50 கி.மீ.ல வர்ற காருக்கும் மோதுற சக்தியில கிட்டத்தட்ட 2.8 மடங்கு வித்தியாசம் இருக்கு, அதனால குறி வேகத்து மேலதான்.

ரெண்டு மூணு பேர் சேர்ந்து, காலைல ஸ்கூல் நேரத்துலயும் ராத்திரி ரோடு காலியா இருக்கும்போதும் வண்டிங்க வேகத்தை குறிச்சு வைங்க, ஆளுங்க எந்த இடத்துல கிராஸ் பண்றாங்கன்னும் பாருங்க, முக்கியமா வயசானவங்களும் குழந்தைங்களும். அந்த நோட்டு இல்லாம கவுன்சிலர்கிட்ட போனா பேச்சோட முடிஞ்சிடும்.

அப்புறம் கேக்க வேண்டியது முனை. தெருமுனை வளைவு பெருசா இருந்தா வண்டி பிரேக்கே போடாம திரும்பும், அதை சின்னதாக்குனா தானா மெதுவாகும், கிராஸ் பண்ற தூரமும் குறையும். முனைல பார்க்கிங்கை எடுத்துட்டு சைக்கிள் ஸ்டாண்டு போட்டா பார்வையும் மறைக்காது. கிராஸிங்கை நடைபாதை உயரத்துக்கு தூக்கிட்டா இன்னும் நல்லது. வெறும் ஸ்பீடு பிரேக்கர் மட்டும் போட்டா தாண்டுன உடனே மறுபடி ஆக்ஸிலேட்டரை மிதிப்பாங்க (எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்ல).

குறுக்கு வழியா பாயுற வண்டிங்களுக்கு தெரு நடுவுல பூந்தொட்டி வைச்சு அடைக்கலாம், சைக்கிளும் நடக்குறவங்களும் போகட்டும், பார்சிலோனால சூப்பர்பிளாக் (சில தெருக்களை ஒண்ணா சேர்த்து, கடந்து போற வண்டிங்களை வெளி ரோட்டுக்கு திருப்புற முறை) இப்படி குறுக்கு ஓட்டத்தை தடுத்துதான் வந்துச்சு. கடைக்காரங்க கத்துவாங்க, அதனால பெயிண்ட், தொட்டி வைச்சு தற்காலிகமா பர்மிஷன் வாங்கி ஆரம்பிங்க, பிறகு அதே நோட்டுல அதே நேரத்துல வேகத்தை திரும்ப குறிங்க. பஸ் அடிக்கடி வரலன்னா காரை யாரும் வீட்டுல விட்டுட்டு வர மாட்டாங்க, பஸ் அதிகமா விடச்சொல்லி ஒரு மனுவையும் கூடவே குடுத்துடுங்க.