யோசிக்கும் வேலையை ஆசிரியரே செய்துவிடும் வகுப்பறைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன்னர் தரம் 9 மாணவர்களுக்கு நிலத்தடி நீர் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது, "கரையோரக் கிணறுகள் ஏன் உவராகின்றன?" என்று கேட்டேன். உடனே ஒருவரும் வாய் திறக்காததால், கடல்நீர் உட்புகுவதே காரணம் என்ற விடையை நானே கரும்பலகையில் எழுதத் தொடங்கினேன். அப்போது யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சிக் கரையோரத்திலிருந்து வரும் ஒரு மாணவன் எழுந்து, "சேர், ரெண்டு மூண்டு நாள் தண்ணி இறைக்கிற மெசின் போடாமல் விட்டால் எங்கட கிணத்தில உப்புக் கொஞ்சம் குறையுது, அது ஏன்?" என்றான். "அதைப் பிறகு பார்ப்பம், முதல் இதை எழுதுங்கோ" என்று சொல்லி அவனை இருத்திவிட்டேன். அந்தப் பாடவேளையில் உண்மையாகச் சிந்தித்தவன் அவன் ஒருவன்தான் என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் எனக்கு உறைத்தது.

மாணவர் செய்யவேண்டிய யோசனையை ஆசிரியரே செய்து முடித்துவிடுவதுதான், உயர்நிலைச் சிந்தனையை வளர்க்க முற்படும் வகுப்புகளில் நான் அதிகம் கண்ட தவறு. அது பல வடிவங்களில் வருகிறது.

முதலாவது, வினாவில் உள்ள வினைச்சொல்லை நம்பிவிடுவது. அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூமும் அவருடைய குழுவினரும் 1956இல் வெளியிட்டு, பின்னர் 2001இல் திருத்தியமைக்கப்பட்ட, கற்றல் நோக்கங்களைக் கீழிருந்து மேலாகப் படிப்படியாக அடுக்கும் பகுப்பு முறையில் நினைவுகூர்தல், விளங்கிக்கொள்ளல், பிரயோகித்தல், பகுப்பாய்தல், மதிப்பிடல், உருவாக்கல் என்ற ஆறு படிகள் இருப்பதை ஆசிரியப் பயிற்சியில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால், "ஆராய்க" என்றோ "ஒப்பிடுக" என்றோ எழுதிவிட்டால் வினா மேல்படிக்கு ஏறிவிடும் என்று எண்ணுவது சரியன்று. யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்ததற்கான காரணங்களை ஆராயுமாறு கேட்கிறோம். அந்தக் காரணங்கள் நாம் சொல்லி எழுதுவித்த குறிப்பிலும், தனியார் கல்வி நிலையம் அச்சிட்டுக் கொடுத்த ரியூட் என்னும் குறிப்புத்தாளிலும் இலக்கமிட்டுக் கிடக்கின்றன. மாணவி அவற்றை ஒப்புவிக்கிறாள், நாம் புள்ளி இடுகிறோம், அங்கே ஆராய்வு எதுவும் நிகழவில்லை. அதே காரணங்களை முன்னால் வைத்து, "இவற்றுள் எந்த ஒன்று இல்லாதிருந்தால் முடிவு மாறியிருக்கக்கூடும்? ஏன் அப்படிக் கருதுகிறாய்?" என்று கேட்டால், விடை எந்தக் குறிப்பிலும் இராது, அவளே தேடிச் சென்றாக வேண்டும்.

இரண்டாவது தவறு மௌனத்துக்கு அஞ்சுவது. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ, 1970களில் வெளியிட்ட ஆய்வுகளில், ஆசிரியர்கள் வினாவைக் கேட்ட பின் சராசரியாக ஒரு செக்கன் அளவே காத்திருக்கிறார்கள் என்று காட்டினார். அதை மூன்று செக்கனுக்கு மேல் நீட்டியபோது மாணவரின் விடைகள் நீண்டன, வழமையாகப் பேசாதவர்களும் பேசினர், விடை சொல்லாமல் விடுவது குறைந்தது. அவர் சுட்டிய இன்னோர் இடைவெளியும் உண்டு. மாணவர் விடை சொல்லி முடித்த பின்னர் ஆசிரியர் வாய் திறக்கும் முன் உள்ள இடைவெளி. எங்கள் வகுப்புகளில் அது அறவே இல்லை என்றே சொல்வேன். ஒரு பிள்ளை சொன்னவுடன் "சரி, கெட்டிக்காரி" என்று பாராட்டுகிறோம். அந்த ஒரு சொல்லோடு மற்ற முப்பது பிள்ளைகளின் யோசனையும் நின்றுவிடுகிறது, ஏனென்றால் விடை கிடைத்துவிட்டது என்று ஆசிரியரே அறிவித்துவிட்டார். இப்போது நான், "ஒருவரும் கை உயர்த்த வேண்டாம், ஒரு நிமிடம் கொப்பியில் எழுதுங்கோ, பிறகு பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லுங்கோ" என்கிறேன். முதல் விடை வந்ததும் சரி பிழை சொல்லாமல், "இதை ஏற்காதவர் யார்?" என்று கேட்கிறேன். பாடத்திட்டத்தை முடிக்கவேண்டிய நெருக்கடியில் இதற்கு நேரம் ஏது என்ற ஆதங்கத்தை நான் மதிக்கிறேன்; 40 நிமிடப் பாடவேளையில் இப்படி ஒரே ஒரு வினாவுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. மனனம் கூடாது என்று கேள்விப்பட்ட சில ஆசிரியர்கள், அடிப்படை அறிவைக் கொடுக்காமலே "குடாநாட்டின் நீர்ப்பிரச்சினைக்குத் தீர்வு காண்க" என்று குழுக்களிடம் கொடுத்துவிடுகிறார்கள். மரம் நடுவோம், நீரைச் சேமிப்போம் என்ற வாசகங்கள் வண்ணக் கடதாசியில் வந்து சேருகின்றன. சிந்திப்பதற்குப் பொருள் வேண்டும். நிரந்தரமாக ஓடும் ஆறு இல்லாத எங்கள் குடாநாட்டில், சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மழைநீர், அடர்த்தி கூடிய கடல்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. சமநிலையில், கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது அறியப்பட்ட கணிப்பு. ஆகவே மேலே சிறிது இறங்கினாலும் கீழிருந்து உவர்நீர் பன்மடங்கு ஏறப் பார்க்கும். இயந்திரம் வேகமாக இறைக்கும்போது கிணற்றுக்கு நேர் கீழே அது கூம்பு போல மேலெழும், நிறுத்தினால் மெல்ல அமரும். அந்த மாணவன் தன் வீட்டுக் கிணற்றில் கண்டது இதைத்தான்.

அடுத்த ஆண்டு, மிதத்தலையும் அந்த 40 மீற்றர்க் கணக்கையும் மட்டும் முதலில் விளக்கிவிட்டு, அவனுடைய வினாவையே வகுப்புக்குக் கொடுத்தேன். துலாவால் இறைத்த காலத்தில் கிணறுகள் எப்படி இருந்திருக்கும் என்ற பேச்சு, நான் கேட்காமலே பிள்ளைகளிடமிருந்து எழுந்தது. ஒரு மாணவி, ஒரே அளவு நீரை ஒரு மணித்தியாலத்தில் இறைப்பதும் நாள் முழுவதும் பிரித்து இறைப்பதும் ஒன்றா என்று கேட்டாள். அது என் பாடக்குறிப்பில் இல்லாத கேள்வி.

குழுவேலையில் ஒருவர் எழுத மற்றவர்கள் பார்த்திருப்பதைத் தவிர்க்க, பேசத் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் தனித்தனியே இரண்டு வரி எழுதவேண்டும் என்ற ஒரு விதி போதுமானது.

மெல்லக் கற்பவர்களுக்கு நினைவு வினாக்களையும், கெட்டிக்காரருக்குச் சிந்தனை வினாக்களையும் ஒதுக்கும் வழக்கம் என்னை மிகவும் வருத்துகிறது. கிணற்றைப் பற்றிக் கேட்ட மாணவன் தவணைப் பரீட்சையில் 35 புள்ளி எடுப்பவன். அவன் தடுமாறும்போது நாம் இரக்கப்பட்டுப் படிப்படியாக வழிகாட்டி, கடைசியில் வெற்றிடம் நிரப்பும் அளவுக்கு வினாவைச் சுருக்கிவிடுகிறோம். அதைவிட, "இதுவரை உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டு அவன் பக்கத்திலேயே நிற்பது நல்லது.

கடைசியாகப் புள்ளியிடல். வகுப்பில் எவ்வளவு விவாதித்தாலும், தவணைப் பரீட்சையில் புள்ளித்திட்டத்தில் உள்ள சொல் வரவில்லை என்று புள்ளியைக் குறைத்தால், மறுநாளே பிள்ளைகள் குறிப்புக் கொப்பிக்குத் திரும்பிவிடுவார்கள். ஒவ்வொரு தவணையும் வினாத்தாளில் முன்பு காணாத சூழலில் அமைந்த ஒரு வினாவையாவது நான் சேர்க்கிறேன். முடிவுக்கு ஒரு புள்ளி, காரணத்துக்கு மூன்று புள்ளி, மறுபக்கத்தையும் எண்ணிப் பார்த்திருந்தால் இன்னொரு புள்ளி. இந்தப் பங்கீட்டை வினாவின் கீழேயே அச்சிட்டுக் கொடுக்கிறேன்.