சாதாரண நாளில் கிரிவலம்: மலையைப் பார்த்து நடக்கும் முறை

திருவண்ணாமலையில் மலையே இலிங்கமாக வழிபடப்படுவதால், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுவதையும் ஒரே சன்னிதியின் திருச்சுற்றாகக் கருதியே நடக்க வேண்டும். பௌர்ணமி இரவில் இலட்சக்கணக்கானோர் கூடும்போது, முன்னே செல்பவரின் முதுகுதான் கண்ணில் நிற்கிறது. எனவே மலையோடு சற்று நேரம் இருக்க விரும்புகிறவர் கூட்டமில்லாத சாதாரண நாளொன்றைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

விடியற்காலை நான்கு மணிக்கே அண்ணாமலையார் கோயிலின் கிழக்கு இராஜகோபுரத்தின் முன் வணங்கிப் புறப்படுங்கள். வெறுங்காலுடன் வலம் வருவதே மரபு. வெயில் ஏறிவிட்டால் தார்ச்சாலையில் பாதம் பொறுக்காது. மலை எப்போதும் வலப்பக்கம் இருக்க வேண்டும். மலையை ஒட்டிய ஓரம் சித்தர்களும் தேவர்களும் வலம் வரும் வழி என்பது நம்பிக்கையாதலால், சாலையின் இடப்புறமாகவே நடப்பது வழக்கம்.

1896-இல் இங்கு வந்து, 1950-இல் மறையும்வரை இம்மலையைவிட்டு நீங்காதிருந்த இரமண மகரிஷி, நிறைமாதக் கர்ப்பிணியான அரசியைப் போல மெல்ல நடக்க வேண்டும் என்று அன்பர்களுக்குச் சொல்லியிருக்கிறார். அந்த நிதானத்தில் நடந்தால் நான்கைந்து மணி நேரமாகும். அதைக் குறைக்க முயல வேண்டாம். இந்திர இலிங்கம் முதல் ஈசானிய இலிங்கம் வரையுள்ள எட்டையும் தரிசிக்கலாம், ஆனால் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு விரையும் ஓட்டமாக வலத்தை ஆக்கிவிடக் கூடாது. கைப்பேசியை அணைத்து வையுங்கள். நாமம் சொல்லும் பழக்கமுள்ளவர் அதை மனத்துக்குள்ளேயே சொல்லிக்கொள்ளலாம். இல்லாதவருக்கு மௌனமே போதும்.

செங்கம் சாலையிலிருந்து பாதை வலப்புறம் திரும்பிய பிறகு வாகன இரைச்சல் தணிகிறது. அந்தப் பகுதியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். மலை நன்றாகத் தெரியும் ஓரிடத்தில் அமர்ந்து, எதையும் வேண்டாமல், பாறைகளின் மீது வெளிச்சம் இறங்குவதையும் மயில்களின் அகவலையும் கவனித்திருங்கள். கிழக்கே ஒற்றைச் சிகரமாகத் தெரிந்த மலை, நடக்க நடக்க உருமாறி, குபேர இலிங்கத்தைக் கடந்தபின் ஐந்து முகங்களாகக் காட்சி தருகிறது. சிவனின் ஐம்முகமாகப் போற்றப்படும் இந்தப் பஞ்சமுக தரிசனத்திற்காகக் கட்டாயம் நின்று செல்லுங்கள்.

கோடையில் மலைச்சரிவின் புல் எளிதில் பற்றிக்கொள்ளுமாதலால், கற்பூரத்தைச் சன்னிதிகளில் மட்டுமே ஏற்றுங்கள். குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள்; தண்ணீரை வீட்டுச் செம்பிலோ எவர்சில்வர் பாட்டிலிலோ கொண்டு செல்லுங்கள்.