குடிபோகும் முன் ஏரியாவை அலசிப் பார்ப்பது எப்படி

வீட்டுக்குள் இருக்கும் குறைகளில் பெரும்பாலானவற்றைக் காசு செலவழித்தால் சரிசெய்துவிடலாம். தெருவில் தேங்கும் மழைநீரையும் இரவெல்லாம் ஓடும் லாரிகளையும் நீங்கள் தனி ஆளாக ஒன்றும் செய்ய முடியாது. அப்படியிருந்தும் வீடு தேடுகிறவர்கள் வீட்டுக்குள் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டுத் தெருவை ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்கிறார்கள், அதுவும் தரகர் குறித்துக் கொடுத்த நேரத்தில். வேலைநாளில் காலை பதினொரு மணிக்குப் பார்த்தால் அநேகமாக எந்தத் தெருவும் அமைதியாகத்தான் தெரியும். ஒரு ஏரியாவைப் புரிந்துகொள்ள, அது திணறும் நேரங்களில் அங்கே போய் நிற்க வேண்டும். இதற்கு இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள்.

முதலில் ஒரு தாளில் வீட்டில் யார் யார், எங்கே, எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்று எழுதுங்கள். வேலை, பள்ளி, மாதாந்திர மருத்துவப் பரிசோதனை, வாரம் ஒருமுறை பார்க்கப் போகும் பெற்றோர் எல்லாம் அதில் வரவேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒருவழிப் பயணம் அதிகபட்சம் எத்தனை நிமிடம் தாங்கும் என்று பக்கத்தில் குறியுங்கள். போக 20 நிமிடம், வர 20 நிமிடம் கூடுதலாகும் என்றால் பெரிதாகத் தோன்றாது. மாதம் 25 நாளுக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 17 மணி நேரம்.

மேப் செயலியில் தூரம் பார்க்கும்போது ‘இப்போது கிளம்பினால்’ என்று விடாமல், திங்கட்கிழமை காலை எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டுமோ அதைக் கொடுங்கள். 35 முதல் 60 நிமிடம் என்று காட்டினால் 60 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஒரு வேலைநாளில் அதே நேரத்துக்கு, வீட்டு வாசலிலிருந்து அலுவலக நாற்காலி வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். வண்டி நிறுத்த இடம் தேடுவது, பஸ்ஸுக்குக் காத்திருப்பது, படி ஏறுவது எதுவும் செயலிக் கணக்கில் முழுதாக வராது. விளம்பரத்தில் ‘நிறுத்தம் 500 மீட்டர்’ என்று இருந்தால், அது நேர்க்கோட்டுத் தூரமாக இருக்க வாய்ப்பு உண்டு. நடுவில் ரயில் பாதையோ, குறுக்கே கடக்க முடியாத நெடுஞ்சாலையோ இருந்தால் நடை இரட்டிப்பாகும். சாதாரணமாக நடந்தால் நிமிடத்துக்குச் சுமார் 80 மீட்டர் போகலாம். 800 மீட்டருக்குப் பத்து நிமிடம். குழந்தையோடோ முதியவரோடோ என்றால் பதினைந்து. கடைசி பஸ், கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதையும் அப்போதே விசாரித்துவிடுங்கள்.

நிலத்தின் பழைய கதை

கணினியில் இயங்கும் கூகுள் எர்த் ப்ரோவில், அதே இடத்தின் பழைய செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாகப் பின்னோக்கி நகர்த்திப் பார்க்கலாம். இலவசம்தான். 15, 20 ஆண்டுகள் பின்னால் போங்கள். இன்று அடுக்குமாடிகள் நிற்கும் இடத்தில் அன்று குளமோ, வயலோ, வாய்க்காலோ, குப்பைமேடோ இருந்திருக்கலாம். குளத்தைத் தூர்த்துக் கட்டினாலும் தண்ணீர் அந்தப் பள்ளத்தைத் தேடித்தான் வரும். மழைக்காலம் முடிந்த கையோடு எடுத்த படங்கள் கிடைத்தால், ஈரமும் தேங்கலும் கருந்திட்டாகத் தெரிகிறதா என்று பாருங்கள். வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் தொழிற்சாலை, குப்பைக்கிடங்கு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், கல்குவாரி, ரயில் பாதை, விழா அரங்கம் என எது இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு நேரில் போங்கள். வெள்ளம் வந்து போன தெருவில் அதன் தடம் மிஞ்சியிருக்கும், தேடிப் பார்க்க வேண்டும். பல மதில் சுவர்களில் ஒரே உயரத்தில் பழுப்புக் கோடு ஓடுகிறதா? அதற்குக் கீழே மட்டும் பெயின்ட் உப்பி உரிந்திருக்கிறதா? ஒன்றுக்குப் பத்து வீடுகளில் வாசற்படியைப் புதிதாக உயர்த்திக் கட்டியிருக்கிறார்களா, மின்சார மீட்டர் வழக்கத்தைவிட மேலே ஏற்றப்பட்டிருக்கிறதா? சாலை மட்டத்தைவிட வீட்டு வாசல் தாழ்ந்திருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். பழைய பரப்பைச் சுரண்டாமல் மேலேயே திரும்பத் திரும்பத் தார் போட்ட தெருக்களில் சாலை ஏறிக்கொண்டே போகும், வீடுகள் பள்ளத்தில் விழும். மழைநீர் வடிகால் மூடியைச் சுற்றி வண்டல் படிந்திருந்தால், அது பொங்கி வழிந்த இடமாக இருக்கலாம். வாய்ப்பிருந்தால் பலத்த மழை விட்ட ஒரு மணி நேரத்துக்குள் போய் நில்லுங்கள். இதைவிட நல்ல பரிசோதனை கிடையாது.

வெள்ள வரைபடத்தில் ‘நூறாண்டு வெள்ளப் பகுதி’ என்று போட்டிருப்பதைப் பார்த்து, நூறு ஆண்டுக்கு ஒருமுறைதானே என்று விட்டுவிடாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு என்பதே அதன் பொருள். 30 ஆண்டு அங்கே இருந்தால் ஒருமுறையாவது சிக்கும் வாய்ப்பு 26 சதவீதம்.

சத்தமும் காற்றும்

குறைந்தது நான்கு வேளை போக வேண்டும்: வேலைநாள் காலை நெரிசல், இரவு பத்து மணிக்குமேல், விடியற்காலை, ஞாயிறு. வண்டியில் வலம் வந்தால் எதுவும் தெரியாது. ஓரிடத்தில் இருபது நிமிடம் நில்லுங்கள். இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து அடங்குவதால் ரயில் சத்தமும் நெடுஞ்சாலை இரைச்சலும் பகலைவிட வெகுதூரம் கேட்கும். புகையும் நாற்றமும் மேலே கலைந்து போகாமல் தாழவே தங்கும். பகலில் இருப்பதே தெரியாத குப்பைக்கிடங்கு விடியற்காலையில் தெரிந்துவிடும்.

போனில் டெசிபல் செயலி போட்டு அளக்கலாம். எண் சில டெசிபல் முன்பின் காட்டும் என்பதால் ஒரே போனால் இரண்டு இடங்களை ஒப்பிடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாலைப் போக்குவரத்துச் சத்தம் வீட்டுக்கு வெளியே இரவில் சராசரி 45 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது 2018இல் ஐரோப்பியப் பகுதிக்காக உலக சுகாதார நிறுவனம் தந்த பரிந்துரை. 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். படுக்கையறையில் ஜன்னலைத் திறந்து ஒருமுறை, மூடி ஒருமுறை அளந்துவிடுங்கள். சராசரி எண் தூக்கத்தைக் கெடுக்கும் திடீர்ச் சத்தங்களை மறைத்துவிடும். வேகத்தடையும் சிக்னலும் பக்கத்தில் இருந்தால் வண்டிகள் பிரேக் போட்டுக் கியர் மாற்றும் சத்தம் ராத்திரி முழுக்க வரும்.

காற்றுக்கு, அருகிலுள்ள கண்காணிப்பு நிலையத்தின் பிஎம் 2.5 (காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய துகள்கள்) அளவை ஓராண்டுக்குப் பாருங்கள். இன்றைய எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 2021இல் உலக சுகாதார நிறுவனம் வைத்த ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். நிலையம் பல கிலோமீட்டர் தள்ளி இருந்தால் உங்கள் தெருவின் நிலையை அது சொல்லாது. அப்போது ஜன்னல் கம்பியில் விரலைத் தேய்த்துப் பாருங்கள். கறுப்பாக, பிசுபிசுப்போடு ஒட்டினால் பெரும்பாலும் வாகனப் புகை. பழுப்பாக உதிர்ந்தால் மண்தூசி.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வறட்சிக் காலத்தில் எத்தனை மணி நேரம் வருகிறது என்று கேளுங்கள். டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் மொத்த அளவு, லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாகக் குடிக்க ருசியாக இருக்கும், 1000 தாண்டினால் வாயில் வைக்க முடியாமல் போகும். ஆனால் டிடிஎஸ் மீட்டர் கிருமியைக் காட்டாது. அதற்கு ஆய்வகப் பரிசோதனைதான். போன் சிக்னலை வாசலில் பார்த்துத் திருப்திப்படாமல் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பாருங்கள்.

யாரிடம், என்ன கேட்பது

‘ஏரியா எப்படி?’ என்று கேட்டால் ‘நல்ல ஏரியா’ என்றுதான் பதில் வரும். ஆமாம், இல்லை என்று தப்பிக்க முடியாதபடி கேளுங்கள். போன மழைக்குத் தண்ணீர் எந்த வீடு வரை வந்தது? கடைசியாகக் கரண்ட் போனபோது வர எத்தனை மணி நேரம் ஆனது? குப்பை வண்டி வாரத்தில் எந்தெந்த நாள் வரும்? இந்த வீட்டில் முன்பு இருந்தவர்கள் ஏன் காலி செய்தார்கள்? வாடகைக்கு இருப்பவர் மனம்விட்டுப் பேசுவார். சொந்த வீட்டுக்காரருக்குத் தன் சொத்தின் மதிப்பு குறையுமோ என்ற யோசனை இருக்கும். மளிகைக்கடைக்காரர், இரவுக் காவலர், தபால்காரர் ஆகிய மூவருக்கும் தெருவின் எல்லா வேளையும் தெரியும். குறைந்தது ஐந்து பேரிடம் பேசுங்கள். தனியாக நடந்து வரும் பெண்களிடம் எந்தப் பாதையைத் தவிர்ப்பார்கள் என்று வீட்டுப் பெண்கள் மூலம் கேட்பது, காவல்துறைப் புள்ளிவிவரத்தைவிட அதிகம் சொல்லும். அந்தப் புள்ளிவிவரத்தைப் பார்த்தாலும் மொத்த எண்ணிக்கையையோ தலைக்கணக்கையோ மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். கடைவீதியில் பகலில் பல்லாயிரம் பேர் வந்து போவார்கள், குடியிருப்போர் குறைவு. குடியிருப்போர் தலைக்கணக்கில் வகுத்தால் குற்றம் மிகையாகத் தெரியும்.

ஜன்னலுக்கு எதிரே காலிமனை இருந்தால், அது காலியாகவே இருக்கும் என்று நினைத்து வீட்டை எடுக்காதீர்கள். உள்ளாட்சி அலுவலகத்தின் திட்டமிடல் பிரிவில் நில உபயோக வரைபடத்தையும் சாலை விரிவாக்கத் திட்டத்தையும் கேட்டுப் பாருங்கள். அந்த மனை குடியிருப்பா, வணிகமா, தொழிலா என்பது அதில் இருக்கும். பாலமோ மெட்ரோவோ வருவதாக இருந்தால், முடிந்த பிறகு கிடைக்கும் வசதியை மட்டும் எண்ணாமல், கட்டுமானம் நடக்கும் ஆண்டுகளில் நீங்கள் அங்கே இருப்பீர்களா என்றும் யோசியுங்கள்.

முடிவெடுக்கும்போது எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வெள்ளத்துக்குப் போட்ட பூஜ்ஜியத்தைப் பூங்காவுக்குப் போட்ட பத்து ஈடுகட்டிவிடும். விட்டுக்கொடுக்க முடியாத மூன்றை முதலில் எழுதி, அதில் ஒன்று தவறினாலும் அந்த ஏரியாவை நீக்குங்கள். மீதம் இருப்பவற்றை மட்டும் ஒப்பிடுங்கள். வாங்குவதாக இருந்தால், முடிந்தவரை அதே தெருவில் ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள், ஒரு மழைக்காலமாவது அதில் அடங்கும்படி. அதற்கு வழியில்லையென்றால் அருகில் ஓர் அறை எடுத்து, ஒரு வெள்ளியும் ஒரு ஞாயிறும் சேரும்படி மூன்று இரவு தங்குங்கள், ஜன்னலைத் திறந்து வைத்து.